இரண்டாம் மாடத்துப் பெண்கள்

ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு எஸ்தர் நாடகம் போடுவதில் டீச்சர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் ஒருத்தியையும் விடாமல் மேடையேற்றிவிடலாம். சிவப்பாக, உயரமாக இருக்கிற ஒருத்திக்கு எஸ்தர் வேஷம். அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம், அம்மாவின் கல்யாணப் பட்டு. மீதிப் பேர் எல்லாரும் 'கன்னிகைகள்'. வரிசையாக வந்து ராஜாவுக்கு முன்னால் நிற்க வேண்டும். ராஜா வேண்டாம் என்று தலையாட்டியதும் ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வசனம் கிடையாது. இரண்டு வருஷம் அந்த வரிசையில் நின்றவள் நான். இரண்டாம் வருஷ ஒத்திகையில் கேட்டேன்: "டீச்சர், நாங்க உள்ள போனப்புறம் எங்க போறோம்?"

"எங்க போவீங்க, வீட்டுக்குத்தான். போய் வரிசையில நில்லு."

வீட்டுக்குப் போகவில்லை. எஸ்தர் புத்தகத்தின் 2-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம் அதைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சாயங்காலம் அரசனிடம் போகிற பெண், மறுநாள் காலையில் தான் புறப்பட்ட கன்னிமாடத்துக்குத் திரும்புவதில்லை. இரண்டாம் மாடம் என்ற வேறொரு இடத்துக்கு, சாஸ்காஸ் என்ற வேறொரு அதிகாரியின் காவலுக்குள் போகிறாள். அரசனுக்கு அவள்மேல் விருப்பம் வந்து பெயர் சொல்லி அழைத்தாலொழிய மறுபடி அவனிடம் போக முடியாது. பெற்றவர்களிடம் திரும்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓர் இரவு, அதற்குப் பிறகு காத்திருப்பு மட்டும்.

வேதாகமப் பெண்களை எடுத்து இளையோருக்கான சரித்திர நாவலாக மறுபடி சொல்வது ஆங்கிலத்தில் இன்று தனி வகையாகவே வளர்ந்து நிற்கிறது. டானா ஜோ நாப்போலி 1996-ல் மகதலேனா மரியாளை வலிப்பு வருகிற ஒரு சிறுமியாக்கி, ஏழு பிசாசுகளை ஏழு வலிப்புகளாக மாற்றி இளையோர் நாவல் ஒன்றை எழுதினார். மறுவருஷம் வந்த அனிதா டயமண்டின் 'சிவப்புக் கூடாரம்' யாக்கோபின் மகள் தீனாளைப் பேச வைத்தது. அது பெரியவர்களுக்கான நாவல். ஆனால் அதன் விற்பனையைப் பார்த்த பதிப்பகங்கள் பழைய ஏற்பாட்டில் வாய் திறக்காத பெண்கள் இன்னும் யார் யார் என்று தேடத் தொடங்கின. அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப அகப்படுகிறவள் எஸ்தர். காரணம் எளிது. தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண், உறவினர் வீட்டில் வளர்கிறாள், தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு அந்நியர் நடுவில் வாழ்கிறாள், கடைசியில் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் தன் பெயரை உரக்கச் சொல்கிறாள். இளையோர் நாவலுக்கு வேண்டிய கதைப்போக்கு முழுவதும் அங்கே தயாராக இருக்கிறது.

இந்த மறுகூறல்களை எடைபோட ஒரு படிக்கல்லைக் கையில் வைத்திருக்கிறேன். எஸ்தரை எவ்வளவு துணிச்சல்காரியாக, எவ்வளவு நவீனமாக வரைந்திருக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. மற்றப் பெண்களை என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

மூலத்தை முதலில் பார்த்துவிடலாம். எபிரேய எஸ்தர் சிறிய நூல். பத்து அதிகாரம், 167 வசனம். கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடிகளில் எபிரேய வேதத்தின் மற்ற நூல்களுக்கெல்லாம் ஒரு துணுக்காவது அகப்பட்டிருக்க, எஸ்தருக்கு மட்டும் இல்லை. கதை நடக்கும் இடம் பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்றான சூசான். இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருக்கிற சூசா. அகாஸ்வேரு என்ற அரசனை கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட செர்க்சஸ் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். எபிரேய வேதத்தில் இந்தியாவின் பெயர் வருவதும் இந்த நூலில்தான். அரசனின் ஆட்சி எல்லையைச் சொல்லும்போது 'ஹோது' என்று முதல் வசனத்திலேயே நம் பக்கத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது.

அரசன் தன் அரசி வஸ்தியைத் துரத்திவிடுகிறான். அவள் இடத்துக்கு வேறொருத்தியைத் தேடக் கட்டளை பிறக்கிறது, நாடெங்கும் அழகிய இளம்பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள். எஸ்தரும் அழைத்துச் செல்லப்படுகிறாள். எபிரேயத்தில் இங்கே இருப்பது செயப்பாட்டு வினை. அவள் போகவில்லை, கொண்டுபோகப்பட்டாள். அரசனிடம் போகும் நாளுக்கும் அதே வினைதான். சம்மதம் கேட்டதாகவோ மறுத்ததாகவோ அழுததாகவோ ஒரு சொல் இல்லை. ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் வாசனைத் திரவியம் என்று மேனியைப் பக்குவப்படுத்தியதற்குக் கணக்கு இருக்கிறது. மனதுக்கு ஒரு வரி இல்லை. யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் இப்படிச் சேர்க்கப்பட்ட பெண்கள் 400 பேர் என்கிறார். அந்த எண் எங்கிருந்து வந்ததோ. 399 பேரைப் பற்றி அவருக்கும் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

எஸ்தரின் வயதும் நூலில் இல்லை. இளம்பெண் என்கிற பொதுச் சொல் மட்டும் இருக்கிறது. இன்றைய நாவல்கள் தயங்காமல் பதினைந்து, பதினாறு என்று வைத்துக்கொள்கின்றன. பழைய யூத ரபிகளோ அவளுக்கு 40 வயது, இல்லை 75, இல்லை 80 என்று வாதாடினார்கள். அழகைப் பற்றியும் அவர்களுக்கு ஒரே கருத்து இல்லை. உலகப் பேரழகிகள் நால்வரில் ஒருத்தி என்றார் சிலர். தோல் பசுமஞ்சள் நிறம், தெய்வ அருள் ஒரு நூலிழைபோல அவள்மேல் படர்ந்ததால் அழகாகத் தெரிந்தாள் என்றார் இன்னொருவர். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆண்டுவிழா நாடகத்துக்கு எஸ்தரைத் தேர்ந்தெடுக்க உட்காரும் டீச்சர்மாருக்கு அதை யாராவது வாசித்துக் காட்டலாம்.

அதே ரபிகள்தான் சம்மதக் கேள்வியையும் நேராக எழுப்பினார்கள். புறஇனத்து அரசனோடு படுக்கையைப் பகிர்ந்தவள் பாவியில்லையா? ரபிகளின் தொகுப்பான தல்மூத் தருகிற விடை ஒற்றை உவமை: எஸ்தர் நிலம் போன்றவள். ஏர் ஓட்டுகிறவன் ஓட்டுகிறான், நிலம் எதையும் செய்வதில்லை. அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கச் சொன்ன விடை அது. விடுவித்த கையோடு அவளை மண்ணாகவும் ஆக்கிவிட்டது.

எஸ்தரின் மனதுக்குள் முதன்முதலில் நுழைந்து பார்த்தவர்கள் தற்கால நாவலாசிரியர்கள் இல்லை. எபிரேய நூல் கிரேக்கத்துக்குப் போன காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டுகளில், ஆறு பகுதிகள், நூறு வசனத்துக்கு மேல், கதையில் கூடுதலாகச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று எஸ்தரின் ஜெபம். பட்டைக் கழற்றிவிட்டு, வாசனைத் தைலத்துக்குப் பதில் சாம்பலையும் சாணத்தையும் தலையில் கொட்டிக்கொண்டு பேசுகிறாள். தலையிலிருக்கும் கிரீடத்தைத் தீட்டுத் துணிபோல வெறுப்பதாகவும், தனித்திருக்கும் நாட்களில் அதை அணிவதில்லை என்றும், அந்த அரசனின் படுக்கையை அருவருப்பதாகவும் சொல்கிறாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் நம்மைப் போலவே மூலத்தைப் படித்துவிட்டு, இந்தப் பெண் ஏன் பேசவே இல்லை என்று பொறுக்கமுடியாமல் எழுதியது இது. தன்மை ஒருமையில், மூடிய அறைக்குள், கோபத்தோடு. இன்றைய இளையோர் நாவலின் குரல் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. தமிழில் கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் கிரேக்க எஸ்தர் தனியாக அச்சாகியிருக்கிறது. புராட்டஸ்டண்ட் வீட்டுப் பழைய மொழிபெயர்ப்பில் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு எஸ்தர்களில் ஒருத்திக்குத் தன் பெயர்க்காரி கிரீடத்தை வெறுத்தவள் என்று தெரியும், மற்றவளுக்குத் தெரியாமல் போகலாம்.

கிரேக்கத்தில் எழுதிச் சேர்த்தவரும் மற்றப் பெண்களைக் கவனிக்கவில்லை. கொஞ்சமாவது கவனித்தவர்கள் மறுபடி ரபிகள்தான். எஸ்தருக்கு ஏழு தாதிகள் கொடுக்கப்பட்டதாக மூலம் சொல்கிறது. எதற்கு ஏழு? அரண்மனைக்குள் கிழமை மறந்துபோகாமல் இருக்க, நாளுக்கு ஒருத்தி என்று வைத்துக்கொண்டாள்; ஏழாமவள் வந்து நின்றால் அன்று ஓய்வுநாள். அரமேய மொழியாக்கம் ஒன்று அந்த எழுவருக்கும் படைப்பின் ஏழு நாட்களை ஒட்டிப் பெயரும் வைத்திருக்கிறது. தாதிகள் நாட்காட்டியாகிவிட்டார்கள் என்று குறைசொல்லலாம். ஆனாலும் அந்த மாளிகையில் எஸ்தரைத் தவிர வேறு பெண்பிள்ளைகளுக்கும் பெயர் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

இளம்பெண்களுக்கென்றே எழுதப்பட்ட எஸ்தர்களில் மிகப் புகழ்பெற்றது நாவல் அல்ல, பிரெஞ்சு நாடகம். அதன் பின்னணி நாடகத்தைவிடச் சுவாரஸ்யமானது. பதினான்காம் லூயியின் ரகசிய மனைவியான மதாம் த மேந்தனோன், வெர்சாயுக்குப் பக்கத்தில் சேன்-சீர் என்ற ஊரில் நொடித்துப்போன பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 250 பேர். பன்னிரண்டு வயதுக்குள் சேர வேண்டும், இருபது வயதுவரை உள்ளேயே இருக்க வேண்டும், வெளியேறும்போது சீதனத்துக்குப் பணம் கிடைக்கும். பேச்சுப் பயிற்சிக்காக அந்தப் பெண்கள் ரசீனின் 'ஆந்த்ரோமாக்' நாடகத்தை நடித்தார்கள். காதலும் பொறாமையும் கொதிக்கிற நாடகம். பிள்ளைகள் அதை அளவுக்கு மீறி நன்றாக நடித்ததுதான் அம்மையாருக்குக் கவலையாகிவிட்டது. காதல் இல்லாமல், பக்தியோடு, பிள்ளைகளுக்கு ஏற்ற ஒன்றை எழுதித் தாருங்கள் என்று ரசீனையே கேட்டார். பன்னிரண்டு வருஷமாக நாடகமே எழுதாமலிருந்த ரசீன் எடுத்துக்கொண்ட கதை எஸ்தர்.

1689 ஜனவரி 26 அன்று அரசரின் முன்னிலையில் அது அரங்கேறியது. துரத்தப்பட்ட வஸ்தியில் அரசரின் பழைய ஆசைநாயகி மோந்தெஸ்பானையும், எஸ்தரில் மேந்தனோனையும் அரசவை உடனே அடையாளம் கண்டுகொண்டது. உள்ளே இடம்பிடிக்க அடிதடி. அரசரே வாசலில் நின்று யாரை விடுவது என்று பார்த்துக்கொண்டார் என்பார்கள். கிசுகிசு இருக்கட்டும். என் படிக்கல்லுக்கு வேண்டியது வேறு. ரசீன் தன் எஸ்தரைச் சுற்றி இளம் யூதப் பெண்களின் கூட்டம் ஒன்றை வைத்தார். அரண்மனைக்குள் எஸ்தர் ரகசியமாக வளர்க்கிற பெண்கள் அவர்கள். பாடுகிறார்கள், பயப்படுகிறார்கள், ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள். கையில் 250 மாணவியர் இருக்க, எல்லாருக்கும் வேலை தர வேண்டிய பள்ளிக்கூடத்து நெருக்கடிதான் அதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சருக்கு வந்த அதே நெருக்கடி. அவர் எங்களைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார். ரசீன் பாட்டுக் கொடுத்து முன்னால் நிறுத்தினார்.

மேடையில் நின்றவர்களே அரசனுக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பெண்கள்தான் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் பார்க்க வந்த கனவான்களின் கண் நாடகத்தின்மேல் மட்டும் இருக்கவில்லை. மேந்தனோன் மிரண்டுபோனார். இரண்டு வருஷம் கழித்து ரசீன் எழுதிக் கொடுத்த 'அத்தாலி', ஒப்பனையில்லாமல், பள்ளி உடையிலேயே நடந்தது. அதற்கு அடுத்த வருஷம் பள்ளியைக் கன்னிமடமாக மாற்றிவிட்டார்கள். எஸ்தர் நடித்த பெண்களுக்கும் கடைசியில் ஒரு இரண்டாம் மாடம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வேகமாக வந்துவிடுகிறேன். அமெரிக்காவில் கிளாடிஸ் மால்வெர்ன் என்ற முன்னாள் மேடை நடிகை, பதின்வயதுப் பெண்களுக்காகச் சரித்திர நாவல்களைத் தொடர்ந்து எழுதினார். தங்கை காரின் படம் வரைவார். 1951-ல் எஸ்தர், 1954-ல் ரூத், 1956-ல் மீகாள். நூலகத் தட்டுகளில் 'இளையோர் புனைவு' என்ற பலகை மாட்டப்படாத காலம் அது. எஸ்தர் நாவல் வந்தபோது ஐரோப்பிய யூதர்களின் பேரழிவு முடிந்து ஆறு வருஷமே ஆகியிருந்தது. ஒரு மக்கள்கூட்டத்தை ஒரே நாளில் ஒழித்துவிட ஆணை பிறப்பிக்கும் அரசனின் அமைச்சன் ஆமானின் கதையை அந்த வருஷத்து வாசகிகள் வெறும் பழங்கதையாகப் படித்திருக்க முடியாது. அந்தத் தலைமுறைக்கு எஸ்தர் முதலில் தன் மக்களைக் காத்தவள். படுக்கையறைக் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

அதற்கடுத்த அரை நூற்றாண்டில் நடந்ததுதான் எனக்குச் சங்கடம். கன்னிகைகளைச் சேர்த்தது மெல்ல மெல்ல அழகிப் போட்டியாக மாறியது. 2000-ல் வந்த சிறுவர் அனிமேஷன் ஒன்றில், காய்கறிகள் நடிக்கிற தொடர் அது, நடுராத்திரியில் அரசனுக்கு சாண்ட்விச் செய்துதர மறுத்ததால் வஸ்தி துரத்தப்படுகிறாள். ஆமானுக்குத் தூக்குமரத்துக்குப் பதிலாக ஓயாமல் கிச்சுகிச்சு மூட்டும் தீவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் பதினைந்து வயதுக்காரிக்கும் கிட்டத்தட்ட இதையே கொடுத்தார்கள். டாமி டெனியின் 2004 நாவலிலிருந்து எடுத்து 2006-ல் வந்த திரைப்படம் ராஜஸ்தானில் படமாக்கப்பட்டது. நூலின் முதல் வசனத்தில் எல்லையாக மட்டும் வந்த இந்தியா, சூசானாகவே வேஷம் கட்டிக்கொண்டது. மாளிகைகள் கண்ணைப் பறிக்கின்றன. கொண்டுவரப்பட்ட பெண்களோ நகைகளைப் பார்த்து வாய்பிளக்கிற கூட்டம். எஸ்தர் மட்டும் எளிமையானவள், படித்தவள், அறிவுள்ளவள். அதனால் அவள் ஜெயிக்கிறாள். மற்றவர்கள் தோற்றதற்கு அவர்களுடைய பேராசையே காரணம் என்றாகிவிடுகிறது. தூக்கிவந்தவனின் குற்றம் தூக்கிவரப்பட்டவர்களின் தலையில் இறங்குவது இப்படித்தான். இந்த வகை நாவல்களில் அடிக்கடி வரும் பொறாமைக்காரத் தோழியை, குழிபறிக்கிற போட்டியாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வருகிறது. நாயகியை உயர்த்த இதைவிட மலிவான வழி கிடையாது.

ஜிஞ்சர் கேரட் 2005-ல் எஸ்தருக்கு நாட்குறிப்பு எழுதக் கொடுத்தார். உத்தி பழையதாகிவிட்டாலும், எழுதத் தெரிந்த பெண் என்கிற ஒரு சின்ன மாற்றம் அவளை நிலத்திலிருந்து மனுஷியாக்குகிறது. 2015-ல் ரெபெக்கா கேனர் எழுதிய நாவல், செயப்பாட்டு வினையை அப்படியே கையில் எடுத்துக்கொண்டது. எஸ்தர் தன் குடிசையிலிருந்து படைவீரர்களால் கடத்தப்படுகிறாள். சூசானுக்குப் பாலைவனம் வழியாக நடத்தியே ஓட்டிச் செல்கிறார்கள். இளையோர் தட்டு என்று பதிப்பகம் போடாவிட்டாலும் பதினாறு வயதுக்காரிகள் எடுத்துப் படிக்கிற புத்தகம்தான். அழகிப் போட்டி என்ற சொல்லை அதற்குப் பிறகு கூச்சமில்லாமல் பயன்படுத்துவது கடினம்.

சரித்திர நாவல் என்று பெயர் இருப்பதால் சரித்திரத்தையும் கேட்க வேண்டும். இங்கே நாவலாசிரியருக்குப் பொன்னான வசதியொன்று இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். நூலின்படி வஸ்தி துரத்தப்பட்ட விருந்து அரசனின் மூன்றாம் ஆண்டில். எஸ்தர் அவனிடம் கொண்டுபோகப்பட்டது ஏழாம் ஆண்டின் பத்தாம் மாதம். செர்க்சஸ்தான் அகாஸ்வேரு என்றால், கி.மு. 479 முடிந்து 478 பிறக்கும் குளிர்காலம் அது. இடையில் அவன் கிரேக்கத்தின்மேல் படையெடுத்து, 480-ல் சலாமிஸ் கடற்போரில் தோற்று, இன்றைய துருக்கியிலிருக்கும் சார்திஸ் நகருக்குப் பின்வாங்கி அங்கேயே மாதக்கணக்கில் தங்கியிருந்தான். இப்போது எஸ்தரின் பன்னிரண்டு மாத எண்ணெய்க் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். அவளைச் சூசானில் கொண்டுவந்து அடைத்தபோது அரசன் ஊரில் இல்லை. யாருக்காக எண்ணெய் தேய்க்கிறார்களோ அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால், தோற்றுப்போய், எப்போது திரும்புவான் என்று தெரியாமல் இருக்கிறான். ஒரு மாடம் நிறையப் பதின்வயதுப் பெண்கள், ஓர் ஆண்டு, வராத ஒருவனுக்காகத் தயாராகிறார்கள். இந்தக் காட்சி ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தக் கணக்கில் குறுக்கே வருகிறார். அவர் சொல்லும் அரசியின் பெயர் எஸ்தரும் அல்ல, வஸ்தியும் அல்ல, அமெஸ்திரிஸ். பாரசீக அரசன் ஏழு பிரபுக் குடும்பங்களுக்கு வெளியே பெண் எடுப்பதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதனால்தான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் எஸ்தர் நூலை வரலாற்றுப் பதிவாக எடுத்துக்கொள்ளாமல் வரலாற்றுச் சாயல்கொண்ட புனைவாகப் படிக்கிறார்கள். நம் நாவலாசிரியர்கள் செய்வது புனைவின்மேல் புனைவு. ஆனால் அதே ஹெரோடோட்டஸ், அதே காலத்துக்கு ஒரு கதை சொல்கிறார். செர்க்சஸ் தன் தம்பி மனைவிமேல் ஆசைப்பட்டு, அது கைகூடாமல், அவள் மகளிடம் போகிறான். அமெஸ்திரிஸ் தன் கையால் நெய்த அங்கியை அந்தப் பெண் கேட்டு வாங்கிவிடுகிறாள். விஷயம் தெரிந்த அமெஸ்திரிஸ், அரசன் எதையும் மறுக்கக்கூடாத பிறந்தநாள் விருந்துவரை காத்திருந்து, தம்பி மனைவியைக் கேட்கிறாள். மகளை அல்ல, தாயை. கிடைத்ததும் அவளுக்குச் செய்த சித்திரவதையை இங்கே எழுத வேண்டாம். விருந்து, மறுக்கமுடியாத வாக்கு, காத்திருந்து கேட்கிற மனைவி. எஸ்தர் ஆமானை வீழ்த்துவதும் இதே பொறியமைப்பால்தான். எஸ்தர் கேட்டது தன் உயிரையும் தன் மக்களின் உயிரையும். அமெஸ்திரிஸ் கேட்டது இன்னொரு பெண்ணின் உடலை.

அந்தப்புரம் என்றதும் திரைச்சீலை, மெத்தை, சோம்பல் என்று எழுதிவிடுவதும் சரித்திரம் ஆகாது. பெர்செபொலிஸில் 1930-களில் தோண்டியெடுத்த களிமண் பலகைகள், செர்க்சஸின் தகப்பன் தாரியுவின் காலத்து நிர்வாகக் கணக்குகள், வேறொரு படத்தைக் காட்டுகின்றன. இர்தபாமா, இர்தஷ்துனா என்ற அரசகுலப் பெண்களுக்குச் சொந்தப் பண்ணைகள் இருந்தன, சொந்த முத்திரை இருந்தது, தானியமும் மதுவும் வழங்கச் சொல்லி அவர்கள் ஆணையிட்டார்கள். வேலைக்குழுக்களுக்குத் தலைவிகளாக இருந்த பெண்களுக்குச் சாதாரண ஆட்களைவிடப் படி அதிகம். பிள்ளைபெற்ற தாய்க்கும் தனிப் படி உண்டு. ஆண்பிள்ளையானால் பெண்பிள்ளையைப்போல இரண்டு மடங்கு. இந்த வரிகளில் ஒன்றைக்கூட எடுத்துப் பயன்படுத்திய எஸ்தர் நாவல் என் கண்ணில் இதுவரை படவில்லை. இரண்டாம் மாடத்துப் பெண்கள் விடிந்ததிலிருந்து என்ன செய்தார்கள் என்று யோசித்தால் இந்தக் களிமண் கணக்குதான் கைகொடுக்கும்: நெய்திருப்பார்கள், அளந்திருப்பார்கள், யாருக்கு எத்தனை படி என்று சண்டை போட்டிருப்பார்கள்.

இளையோர் நாவல்கள் அநேகமாக எல்லாமே நழுவுகிற இன்னொரு இடம் 9-ஆம் அதிகாரம். ஆமான் ஒழிந்தபின் யூதர்கள் தற்காத்துக்கொள்ள எழுகிறார்கள். எபிரேய நூலின் கணக்கில் 75,000 பேருக்கு மேல் கொல்லப்படுகிறார்கள். சூசானில் இன்னும் ஒருநாள் வேண்டும் என்று கேட்கிறவள் எஸ்தரே. கிரேக்கப் பிரதியில் மாகாணங்களில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 15,000 ஆகக் குறைகிறது. அந்தக் காலத்திலேயே யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். கதையை ஆமானின் தூக்கோடு முடித்துக்கொள்வது எளிது. பதினாறு வயது வாசகிக்கு இதைச் சொல்லக்கூடாதா? அவளுக்குச் செய்தித்தாள் படிக்கத் தெரியும். தன்னைப் பறித்துவந்த அதிகாரத்தை ஒருத்தி கையில் எடுக்கும்போது அது அவள் கையையும் என்ன செய்கிறது என்பது அந்த வயதில் கேட்க வேண்டிய கேள்விதான்.

இனி, மூலத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு வினைச்சொல். எஸ்தரை வளர்த்த உறவினன் மொர்தெகாய், அரசனிடம் போய்ப் பேசு என்று சொல்லி அனுப்பும்போது அவள் தயங்குகிறாள். அழைக்கப்படாமல் உள்முற்றத்துக்குப் போனால் மரணம் என்கிற சட்டத்தைச் சொல்கிறாள். அதோடு இன்னொன்றும் சொல்கிறாள்: முப்பது நாளாகத் தான் அரசனிடம் அழைக்கப்படவில்லை. நாடகங்களில் இது சட்டச் சிக்கலாக ஒலிக்கும். ஆனால் இரண்டாம் மாடத்துப் பெண் பெயர் சொல்லி 'அழைக்கப்பட்டால்' ஒழியப் போகமுடியாது என்று 2-ஆம் அதிகாரத்தில் வந்ததே, எபிரேயத்தில் அதே வினைதான் இங்கேயும் நிற்கிறது. கிரீடம் வைத்து ஐந்தாம் வருஷம் நடக்கிறது. எஸ்தர் தன் நிலைமையைச் சொல்ல எடுத்துக்கொண்ட சொல் அந்தப் பெண்களின் சொல். அரசியாகப் போகிறாள் என்று நாம் நினைக்கிறோம். அவள் சாஸ்காஸின் காவலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாகப் பேசுகிறாள். அழைப்பில்லாமல் எழுந்து நடந்தது அவள் துணிச்சல் என்றால், அந்த நடை இரண்டாம் மாடத்துப் பெண் ஒருத்தியின் நடையாகவும் இருக்கிறது.

இதை ஒரு நாவலாசிரியர் எடுத்தால் எஸ்தரை இன்னொரு பெண்ணோடு பேச வைக்க வேண்டியிருக்கும். மூலத்தில் எஸ்தர் ஒரு பெண்ணிடமும் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. தாதிகளோடு உபவாசம் இருக்கிறாள், அவ்வளவுதான். வஸ்தியும் அவளும் சந்திப்பதே இல்லை. புதுமைப்பித்தன் 1943-ல் 'சாப விமோசனம்' எழுதியபோது செய்தது இந்தக் காரியம்தான்: இராமாயணம் ஒருவரோடொருவர் பேசவிடாத அகலிகையையும் சீதையையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தார். தீக்குளித்த செய்தியைச் சீதை சொல்ல, அகலிகை கேட்க, கதையின் முழுப் பாரமும் அந்த உரையாடலில் இறங்கியது. அகலிகையின் தனிமொழியை மட்டும் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது. எஸ்தர் நாவல்களில் பல தன்மை ஒருமையில், நாயகியின் மனதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதன் குறை இங்கேதான் தெரிகிறது. மௌனமாக இருந்த ஒருத்திக்குக் குரல் கொடுக்கும் வேகத்தில் அவளைச் சுற்றியிருக்கிற எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட நாடகத்தில் நான் கேட்ட கேள்விக்கு மூலத்திலேயே இன்னொரு பாதி விடை இருந்ததைப் பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். எஸ்தருக்கு முடிசூட்டி, பெருவிருந்து வைத்து, வரிச்சலுகை அறிவித்து எல்லாம் முடிந்தபின், 2-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனத்தில், கன்னிகைகள் இரண்டாம் முறை சேர்க்கப்பட்டதாக ஒரு அரைவரி வருகிறது. உரையாசிரியர்கள் அதைத் திருத்திப் பார்த்திருக்கிறார்கள், பிரதிப்பிழை என்றிருக்கிறார்கள், முந்தைய சம்பவத்தின் நினைவூட்டல் என்றிருக்கிறார்கள். எந்த நாடகத்திலும் அந்த வரி மேடையேறி நான் பார்த்ததில்லை. எஸ்தர் அரசியாக உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் மறுபடியும் ஒரு வரிசை. அந்த வரிசையில் நிற்கிற யாருக்கும் பெயர் இல்லை. போகிற இடத்தில் பெயர் உள்ளவன் சாஸ்காஸ் ஒருவன்தான்.